பழைய டிரம் செட்டில் எதை முதலில் மாற்றுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து டிரம் கொண்ட பழைய செட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் 22 அங்குலம், டாம்கள் 12, 13, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் 16, அடியில் கம்பிகள் கொண்ட ஸ்னேர் 14. கூடவே வந்தவை மெல்லிய பித்தளைச் சிம்பல்கள், அதாவது அடித்து ஒலிக்கும் உலோகத் தட்டுகள். "மற்ற டிரம்மர்கள் காட்டும் செட்களைப் பார்த்துவிட்டு என்னுடையதை அடித்தால் தகர டப்பா போல ஒலிக்கிறது. செட்டையே மாற்ற வேண்டுமா? எதில் தொடங்குவது? நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?"

செட்டை மாற்ற வேண்டாம். டிரம்மர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் டிரம் செய்த மரத்தில்தான் தொடங்கும். மேப்பிள் இதமானது, பிர்ச்சில் கீழ் ஒலியும் மேல் ஒலியும் தூக்கலாக இருக்கும், மஹாகனி ஆழமானது என்று ஒவ்வொருவரும் தன் செட்டின் மரத்துக்கு வக்காலத்து வாங்குவார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் நல்ல ஹெட் (டிரம்மின் வாயை மூடும் படலம்) போட்டுச் சரியாகச் சுருதி சேர்த்த இரண்டு செட்களை அருகருகே வைத்து அடிக்கும்போதுதான் அந்த வேறுபாடு காதில் விழும். ஹெட் செத்துப்போன செட்டில் எந்த மரமானாலும் ஒன்றுதான். என் கணக்கில் வரிசை இப்படி: அடிக்கும் கை, ஹெட், சுருதி, டிரம்மின் அளவு, ஷெல் எனப்படும் டிரம் உடலின் விளிம்பு, அதற்குப் பிறகுதான் மரம். படத்தில் முதலில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பான மேலுறைக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

விளிம்பு என்று சொன்னது, ஹெட் வந்து உட்காரும் அந்த மெல்லிய ஓரத்தை. பழைய செட் வாங்கியவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ஹெட்களைக் கழற்றிவிட்டு, ஷெல்லைச் சமமான கண்ணாடி அல்லது கிரானைட் பலகை மேல் நிறுத்துங்கள். அறையை இருட்டாக்கி, ஷெல்லுக்குள் ஒரு விளக்கை வையுங்கள். விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால், அந்த இடத்தில் ஹெட் சரியாகப் படியாது. எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் அந்த டிரம் முரண்டு பிடிக்கும். மரவேலையில் தேர்ந்த ஒருவரிடம் கொடுத்து விளிம்பைச் சீராக்கிக்கொள்ளலாம். ஆனால் ஸ்னேரின் அடிப்பக்கத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் விளிம்பு லேசாகத் தாழ்ந்திருக்கும். அது பழுதல்ல, கம்பிகள் படிவதற்காக வேண்டுமென்றே செதுக்கப்பட்டது. அதைத் தேய்த்துச் சமமாக்கிவிடாதீர்கள். அப்படியே லக்குகளையும், அதாவது ஷெல்லில் பதித்த, திருகுகள் ஏறும் உலோகப் பிடிகளையும், தட்டிப் பாருங்கள். பழைய லக்குகளுக்குள் சிறு ஸ்பிரிங் இருக்கும், அது அதிர்ந்து இரையும். ஸ்பிரிங்கைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு வைத்தால் இரைச்சல் நின்றுவிடும். ஹெட்டை இறுக்கும் திருகுகளான டென்ஷன் ராடுகளைத் துடைத்து, துளி கிரீஸ் தடவிப் போட்டால், அவற்றைத் திருப்பும் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும்.

இனி ஹெட். 1950களின் நடுப்பகுதி வரை கன்றுத் தோல்தான். காற்றில் ஈரம் ஏறினால் அது தொய்யும், வறண்டால் இறுகும். மாலையில் சேர்த்த சுருதி இரவில் இருக்காது. 1956, 1957 ஆண்டுகளை ஒட்டி சிக் எவன்ஸும் ரெமோ பெல்லியும் பாலியெஸ்டர் படலத்தில் ஹெட் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அவர்கள் பெயர்களே இரண்டு பெரிய ஹெட் நிறுவனங்களின் பெயர்களாக நிற்கின்றன. ராக் இசையின் உரத்த டிரம் ஒலிக்கு இந்தப் படலம்தான் வழிவிட்டது என்பது என் எண்ணம். தோலை அப்படி இரவுக்கு இரவு அடித்துக்கொண்டிருக்க முடியாது.

ஹெட்டின் தடிமனை மில் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரெமோ அம்பாசடர், எவன்ஸ் ஜி1 இரண்டும் 10 மில் ஒற்றைப் படலம். நாதம் நீளும், மெல்லிய அடிக்கும் பதில் சொல்லும். ரெமோ எம்பரர், எவன்ஸ் ஜி2 இரண்டும் 7 மில் படலங்கள் இரண்டைச் சேர்த்தவை. உழைக்கும், ஒலி சற்றுக் குட்டையாகவும் பருமனாகவும் வரும். ரெமோவின் பின்ஸ்ட்ரைப் போன்ற ஹெட்களில் இரண்டு படலங்களும் ஓரத்தில் ஒட்டப்பட்டிருப்பதால் உபரி ஒலி இன்னும் அடங்கும். உங்கள் அளவுகளுக்கு நான் போடுவது இப்படி: டாம்களில் மேலே இரட்டைப் படலம், கீழே ஒற்றைப் படலம். ஸ்னேரில் மேலே வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றைப் படலம், கீழே ஸ்னேருக்கென்றே வரும் 3 மில் ஹெட். கிக்கில் ஓரத்தில் அடக்கு வளையம் சேர்ந்தே வரும் ஹெட். கீழ் ஹெட்டை மறந்துவிடாதீர்கள். அதை யாரும் அடிப்பதில்லை என்பதால் பலரும் அதை மாற்றுவதே இல்லை. பழைய செட்களில் முதல் உரிமையாளர் காலத்து ஹெட்டே இன்னும் அடியில் இருக்கும். டாம் நாதத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

புது ஹெட் போட்டும் ஒலி வரவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குறை சுருதியில்தான். சாவி ஒன்று போதும், சுருதி அளக்கும் கருவி எதுவும் தேவையில்லை. எல்லா ராடுகளையும் விரலால் திருகும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். பிறகு சாவியால் எதிரெதிர் ராடுகளாக அரைத் திருப்பு. பக்கத்து ராடு, அதன் பக்கத்து ராடு என்று வட்டமாகப் போனால் ஹெட் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, சுருக்கம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். சுருக்கம் மறையும் அளவே அந்த டிரம்மின் மிகத் தாழ்ந்த சுருதி. அங்கிருந்து கால் திருப்பு, கால் திருப்பாக மேலே போங்கள். டிரம்மை ஒரு கம்பளத்தின் மேல் வைத்தால் மறுபக்கத்து ஹெட் வாயை மூடிக்கொள்ளும், நீங்கள் சேர்க்கும் பக்கம் மட்டும் கேட்கும். ஒவ்வொரு ராடுக்கும் ஓர் அங்குலம் உள்ளே ஸ்டிக்கால் மெல்லத் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுரம் வரும்வரை ஒப்பிடுங்கள். ஏதாவது ஓர் இடம் கூடியிருந்தால் அதைச் சற்றுக் கூடுதலாகவே தளர்த்திவிட்டு, மறுபடி மேலேற்றிக் கொண்டுவாருங்கள். தளர்த்தி நிறுத்திய ராடு நிலைக்காது, இரண்டு பாட்டுக்குள் இறங்கிவிடும்.

மேல் ஹெட்டும் கீழ் ஹெட்டும் ஒரே சுருதியில் இருந்தால் நாதம் மிக நீளமாக நிற்கும். கீழ் ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் நாதம் குறுகி, அடி தெளிவாகும். நான் டாம்களில் கீழ் ஹெட்டையே உயர்த்தி வைக்கிறேன். டாம்களுக்கு இடையே எத்தனை சுர இடைவெளி என்பதில் ஆளுக்கொரு கட்சி. உங்கள் 12, 13 இரண்டும் அளவில் மிக நெருங்கியவை, ஒன்றுபோலவே ஒலிக்கத் துடிக்கும். 12-ஐ அதன் வசதியான எல்லைக்குள் மேலே தள்ளி, 13-ஐக் கீழே இறக்கிப் பாருங்கள். அப்படியும் பிரியவில்லை என்றால் 13-ஐக் கழற்றி மூலையில் வைத்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நடு டாம் போனால் ரைடு சிம்பலை, அதாவது தாளம் ஓட்டும் பெரிய சிம்பலை, உடம்புக்கு அருகே, தாழ்வாகக் கொண்டுவரலாம். வலது தோள் உங்களுக்கு நன்றி சொல்லும். 1964 பிப்ரவரியில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் அடித்தது நான்கு டிரம் கொண்ட சிறிய லுட்விக் செட்: 20 அங்குல கிக், ஒரு டாம், ஒரு ஃப்ளோர் டாம், ஒரு ஸ்னேர். ஏழு கோடிக்கும் அதிகமானவர்கள் பார்த்த அந்த ஒளிபரப்புக்குப் பிறகு லுட்விக் தொழிற்சாலைக்கு ஓய்வே இருக்கவில்லை.

பெரிய செட் கூடாது என்று சொல்ல வரவில்லை. ரஷ் குழுவின் நீல் பியர்ட்டைச் சுற்றிலும் வளைத்து நின்ற செட்டில் ஒவ்வொரு டிரம்முக்கும் அவரிடம் வேலை இருந்தது. ஜாஸ் டிரம்மர் டோனி வில்லியம்ஸ் 1960களில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் 18 அங்குல கிக் வைத்து அடித்தார். பின்னாளில் அவரே 24 அங்குல கிக் கொண்ட மஞ்சள் கிரெட்ச் செட்டுக்குப் போனார். ஆள் மாறவில்லை, இசை மாறியது, செட்டும் மாறியது. நீங்கள் எந்த இசைக்கு அடிக்கப்போகிறீர்கள் என்பது கேள்வியில் இல்லை. 22 அங்குல கிக் எதற்கும் ஒத்துவரும், அதுவரை நல்லது.

ஸ்னேருக்கு வருவோம். செட்டில் ஒரே ஒரு டிரம்தான் மாற்ற முடியும் என்றால் அது ஸ்னேராக இருக்கட்டும். ஆனால் மாற்றுவதற்கு முன் இப்போது இருப்பதன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கம்பியை முறுக்கித்தள்ளுகிறார்கள். அப்போது மூச்சுத் திணறும் ஒலிதான் வரும். மெல்லிய தட்டலுக்கும் கம்பி பதில் சொல்ல வேண்டும், அந்த இடத்தில் நிறுத்துங்கள். கீழ் ஹெட்டை மேல் ஹெட்டைவிட நன்றாகவே இறுக்கமாக வையுங்கள். டாமை அடிக்கும்போது ஸ்னேர் கம்பி கூடவே இரைவது எல்லாச் செட்டிலும் உண்டு. முற்றிலும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டியதில்லை. மிகவும் தொல்லையாக இருந்தால் அந்த டாமின் சுருதியைச் சற்று நகர்த்துங்கள். ஸ்னேரின் சுருதிக்கு அருகில் வரும் டாம்தான் அதைக் கிளறிவிடுகிறது.

உலோக ஸ்னேரா மர ஸ்னேரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ஒலிப்பதிவுகளில் அதிகம் ஒலித்த ஸ்னேர்களில் ஒன்று லுட்விக் சூப்ராஃபோனிக். பார்வைக்கு எஃகு போலிருக்கும், 1960களிலிருந்து அது குரோம் பூசிய அலுமினியம். லெட் செப்பெலின் குழுவின் ஜான் போனம் வைத்திருந்தது அதில் ஆறரை அங்குல ஆழமுள்ளது. அவரைப்போல ஒலிக்க வேண்டும் என்று டிரம்முக்குள் தலையணைகளைத் திணிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 26 அங்குல கிக்கில் இரு பக்கமும் முழு ஹெட் போட்டு, பெரிதாக எதுவும் அடக்காமல், டிரம்களை உயர்ந்த சுருதியில் வைத்து அடித்தவர் அவர். அந்தப் பிரமாண்டம் திறந்த நாதத்திலும் அறையின் எதிரொலியிலும் இருந்தது.

கிக்கில் அடிக்கும் பக்கத்தைச் சுருக்கம் போகும் அளவுக்கும், அதற்கு மேல் கால் திருப்பும் வைத்தால் போதும். முன் ஹெட்டில் ஓரமாக நான்கு அல்லது ஐந்து அங்குலத் துளை இருந்தால் மைக்கை உள்ளே விடலாம். சிறு தலையணை ஒன்று இரு ஹெட்களையும் மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், அதற்கு மேல் திணிக்க வேண்டாம். முன் பக்கக் கால்களை நீட்டி, கிக்கின் முன்பக்கத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கி நிறுத்துங்கள். செட் முன்னே நகர்ந்துகொண்டே போவது நிற்கும். அடியில் ஒரு கம்பளம் கட்டாயம்.

அடுத்த செலவு எதில் என்றால் என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை: ஸ்டூல். டிரம்மர்கள் செட் படம் போடும்போது ஸ்டூலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். இரண்டு மணி நேரம் உடம்பைத் தாங்குவது அதுதான். ஆட்டம் இல்லாத, இருக்கை அகலமான, உயரம் வழுக்காமல் பூட்டும் ஸ்டூல் வேண்டும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள். மிகத் தாழ்ந்து உட்கார்ந்தால் தொடை ஒவ்வொரு அடிக்கும் மேலேறிப் பாடுபடும், கீழ் முதுகு கெடும்.

உட்கார்ந்த பிறகுதான் செட் அமைப்பு. முதலில் வெறும் ஸ்டூலில் உட்கார்ந்து இரு கால்களையும் இயல்பாக வையுங்கள். அவை எங்கே விழுகின்றனவோ அங்கே கிக் பெடலும் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடி) பெடலும் வர வேண்டும். கிக் நேர் எதிரே நிற்க வேண்டும் என்று விதி இல்லை, கால் கொஞ்சம் வெளியே திரும்பினால் கிக்கும் திரும்பட்டும். தொடைகளுக்கு நடுவே ஸ்னேர், ரிம்மை (ஓர வளையத்தை) அடிக்கும்போது கை தொடையில் இடிக்காத உயரத்தில். முழங்கையை விலாவை ஒட்டி வைத்துக்கொண்டு எட்டும் தூரத்தில் மற்றவை. டாம்களைச் சரிவாகக் கவிழ்த்து வைப்பவர்களின் ஹெட்களில் பள்ளம் பள்ளமாகக் குழிகள் இருக்கும், ஸ்டிக்கின் நுனி குத்துவதால் வருபவை. கூடிய வரை தட்டையாக வையுங்கள். ரிங்கோ இடது கைக்காரர், வலது கைக்காரர் செட்டிலேயே அடித்தவர். அவர் டாம்களைச் சுற்றி வரும் விதம் மற்றவர்களுக்கு எளிதில் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு டிரம்மர் சைமன் பிலிப்ஸ் கைகளைக் குறுக்கே போடாமல் இடது கையாலேயே ஹை-ஹாட்டை அடிப்பார். பாடநூல் அமைப்பு என்பது தொடங்குவதற்கு மட்டும்தான்.

பெடலில் சங்கிலியா, பட்டையா, நேரடி இணைப்பா என்ற வாதத்தை நான் தாண்டிப் போகிறேன். எண்ணெய் போட்டு, ஸ்பிரிங்கை உங்கள் காலுக்கேற்ப வைத்தால் எல்லாமே அடிக்கும். பெடலின் சுத்தியலான பீட்டர், ஹெட்டின் நடுவை ஒட்டி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். கம்பளி பீட்டர் மென்மையாகவும் பிளாஸ்டிக் பீட்டர் கூர்மையாகவும் ஒலிக்கும்.

உண்மையில் அதிகம் செலவு செய்ய வேண்டியது சிம்பல்களில். டிரம்மை நல்ல ஹெட்டும் சாவியும் காப்பாற்றும், மோசமான சிம்பலை எதுவும் காப்பாற்றாது. அதற்குச் சுருதி சேர்க்க வழியே இல்லை. தொடக்கச் செட்களோடு வருபவை பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். நல்ல சிம்பல்கள் வெண்கலம். பி20 என்றால் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். பி8 என்றால் 92-க்கு 8. பி20 ஒலியில் அடுக்குகள் அதிகம். பி8 நேரடியாகவும் பளிச்சென்றும் இருக்கும், அதையே விரும்பி வாங்கும் தேர்ந்த டிரம்மர்களும் உண்டு. சில்ஜியன் குடும்பம் 1623-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் சிம்பல் தொழிலைத் தொடங்கியது. அதே குடும்பத்தின் ராபர்ட் சில்ஜியன் பிரிந்துபோய் 1981-இல் கனடாவில் சேபியன் நிறுவனத்தைத் தொடங்கினார். எந்தப் பெயர் என்பதைவிட, நேரில் அடித்துக் கேட்டு வாங்குவது முக்கியம். முதலில் ஹை-ஹாட், 14 அங்குலம். கை பெரும்பாலான நேரம் அங்கேதான் இருக்கிறது. பிறகு 20 அல்லது 22 ரைடு. கடைசியில், ஓங்கி அடிக்கும் கிராஷ்.

பழைய சிம்பல் வாங்கத் தயங்க வேண்டாம், தேய்ந்துபோகும் பொருள் அல்ல அது. விளிம்பு முழுவதும் நகத்தை ஓட்டி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நடுத் துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் நீண்டிருந்தால், முன்பு வைத்திருந்தவர் பிளாஸ்டிக் உறை இல்லாமல் கம்பியில் நேரடியாக மாட்டியிருக்கிறார். உங்கள் ஸ்டாண்டுகளிலும் அந்த உறையும் கம்பளி வட்டும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். மேல் திருகை இறுக்காதீர்கள், சிம்பல் ஆட வேண்டும். ஆட முடியாத சிம்பல்தான் உடைகிறது.

என் செட்டைக் கேட்டீர்கள். நான்கு டிரம்: 20 அங்குல கிக், 12 டாம், 14 ஃப்ளோர் டாம், 14 அங்குல அகலமும் ஆறரை அங்குல ஆழமும் கொண்ட அலுமினிய ஸ்னேர். ஹை-ஹாட் 15, ரைடு 22, கிராஷ் ஒன்றே ஒன்று, 18, மெல்லியது. ரைடின் ஓரத்தை ஸ்டிக்கின் தோள்பகுதியால் (நுனிக்குச் சற்றுக் கீழே) அடித்தால் அதுவே இரண்டாவது கிராஷ். ஷெல் மேப்பிள், ஆனால் அதற்காக வாங்கவில்லை, கிக் சிறியதாகவும் தூக்கிப்போக எளிதாகவும் இருந்ததால் வாங்கினேன். ஸ்டிக் ஹிக்கரி மரத்தில் 5ஏ, நடுத்தரத் தடிமன். ஸ்டிக் வாங்கும்போது இரண்டையும் சமதளத்தில் உருட்டி வளைவு பாருங்கள், ஒன்றோடொன்று தட்டாமல் தனித்தனியே எதிலாவது தட்டிச் சுரம் ஒத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். எடை ஒத்துப்போகாத ஜோடி ஸ்னேரில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சத்தம் பிரச்சினை என்றால் மின்னணு செட்டை நினைப்பீர்கள். 1981-இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5-இன் அறுகோணத் தட்டுகள் கல்லைப்போல் கடினமாக இருந்து மணிக்கட்டுகளைப் பதம் பார்த்தன. 1997-இல் ரோலண்ட் நிறுவனம் வலைபோல் நெய்த ஹெட்டோடு வந்த பிறகுதான் அடிப்பதற்கு ஓரளவு டிரம் போல ஆனது. இன்றும் வலை ஹெட் உண்மையான ஹெட்டைவிடத் துள்ளும், அதில் மட்டுமே பழகினால் உண்மையான ஃப்ளோர் டாமில் கை தடுமாறும். கிக் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ் வீட்டுக்குப் போவதையும் அது நிறுத்தாது.

செட்டில் சேராத ஒரு பொருளை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கிவிடுங்கள்: காதடைப்பான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சிறிய அறையில் டிரம் அந்த 100-ஐ எளிதில் தாண்டும். சேதம் ஹை-ஹாட் பக்கத்துக் காதில்தான் முதலில் தொடங்கும் என்று டிரம்மர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. எந்தக் காதானாலும் போனது திரும்பாது.

மேலே சொன்னபடி ஹெட்களை மாற்றிச் சுருதி சேர்த்துவிட்டு அடுத்த முறை எழுதும்போது செட்டை முன்னாலிருந்து படம் எடுத்து அனுப்பாதீர்கள், அதில் எனக்கு நிறம் மட்டும்தான் தெரியும். ஒன்று தலைக்கு மேலிருந்து, இன்னொன்று நீங்கள் உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டிலிருந்து. எந்த ஹெட் போட்டீர்கள், என்ன இசைக்கு அடிக்கிறீர்கள், அறை எவ்வளவு பெரியது என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியே இரண்டு முறை அடித்து, நாதம் முழுவதும் அடங்கும்வரை பதிவு செய்து சேர்த்து அனுப்பினால், எந்த ராடு என்பது வரை சொல்லப் பார்க்கிறேன்.